விலகல் காரணம்

விட்டுவிட்டுப் போக நினைப்பவர்களைப் போகவிடாமல் பிடித்துவைப்பதுதான் பிரிஸில்லாவின் வேலை.

தென்பொருநை இணையப் பல்கலைக்கழகத்துக்கு வகுப்பறை கிடையாது, மைதானம் கிடையாது, மரத்தடி கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் மட்டும் உண்டு. இரண்டாவது மாடி முழுக்க மாணவர் தொடர்ச்சிப் பிரிவு. அங்கே பன்னிரண்டு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். லாரி ஓட்டிக்கொண்டு ஒருவர், சவூதியின் தம்மாமில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டு ஒருவர், பிள்ளை பெற்று ஆறு மாதமான ஒருத்தி. சேரும்போது ஆசை ஆசையாகத்தான் சேருவார்கள். இரண்டாம் பருவத்தில் ஒரு வாரம் உள்ளே வரமாட்டார்கள். பிறகு ஒரு மாதம். பிறகு வரவே மாட்டார்கள். நூறு பேர் சேர்ந்தால் ஐம்பத்தேழு பேர் பட்டம் வாங்காமலே போய்விடுவார்கள்.

அது பட்டை வருவதற்கு முன்னால்.

அந்தக் காலத்தில் பிரிஸில்லா ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் பேசுவாள். அதில் பத்துப் பேராவது அழுவார்கள். பேசி முடித்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இவளும் அழுவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த நம்பரைப் போடுவாள். ஆறு வருடம் அப்படி ஓடியது.

பிறகு உறுதிப்பட்டை வந்தது. பார்த்தால் சாதாரண ஹேர்பேண்ட் மாதிரிதான் இருக்கும். காதுக்குப் பின்னால் வருகிற இடத்தில் உளுந்து அளவில் இரண்டு பொத்தான்கள். தினமும் நாலு மணி நேரம் தலையில் இருந்தால் போதும், 'போதும்டா சாமி, விட்டுத் தொலைச்சிரலாம்' என்ற நினைப்பு எழும்பாது. அதைப் போட்டுக்கொண்டால் அறிவு கூடாது, சந்தோஷமும் வராது. விடத் தோன்றாது, அவ்வளவுதான். 'பட்டை போட்டாச்சா?' என்று கேட்டால் முதலில் எல்லோரும் சாராயத்தை நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பும் பழகி நின்றுபோனது. ஐம்பத்தேழு நாலாகக் குறைந்தது.

இரண்டாம் வருடத்தில் ஊழியர்களுக்கும் கொடுத்தார்கள். கட்டடத்திலேயே அதிகம் பேர் வேலையை விட்டுப்போன இடம் தொடர்ச்சிப் பிரிவுதான். பட்டை வந்தபின் யாரும் போகவில்லை. பிரிஸில்லா கடைசியாக அழுது மூன்று வருடம் ஆகிறது.

அவளுடைய பழைய அழைப்பு ஒன்று மாதிரிப் பாடமாகவே ஆகியிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். நாலு நிமிடம். சாத்தூரிலிருந்து ஒரு பெண். "எல்லாத்தையும் விட்டுட்டேன் மேடம். இனிமே ஒண்ணும் வேணாம்" என்று ஒரே வார்த்தையாகச் சொல்வாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கும். பிரிஸில்லா குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல் பேசுவாள். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எந்த முடிவும் எடுக்காதீங்கம்மா. வீட்டுக்குப் போங்க. ரெண்டு நாள்ல கொரியர்ல ஒண்ணு வரும். அதை வாங்கிப் போட்டுக்கோங்க." நாலாவது நிமிடத்தில் அந்தப் பெண், "சரிங்க மேடம்" என்பாள். பயிற்சி கொடுக்கிறவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "கேட்டீங்களா? இதுதான் அழைப்பு" என்பார்.

அந்தப் பெண் சங்கரேஸ்வரி. வயது இருபத்தெட்டு. இ-சேவை மையத்தில் ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. புள்ளியியல் படித்தாள். பட்டை போட்டபின் ஐந்து பருவங்களிலும் அவள்தான் முதலாவது. பட்டமளிப்பு விழாவில் அவளைப் பற்றி ஒரு படம் போட வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அதைப் பேசத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பிரிஸில்லா வீடியோவில் அவளை அழைத்தாள்.

திரையில் வந்தவளின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது.

"என்னம்மா கையில?"

"உடைஞ்சிட்டு மேடம்."

"எப்படி?"

"எங்க வீட்டுக்காரர் கதவை வச்சு நெரிச்சிட்டாரு." ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "ஆனா அன்னைக்கு அசைன்மென்ட்டை விடல மேடம். ஆஸ்பத்திரியில இருந்தே இடது கையால அடிச்சு அனுப்பிட்டேன். தொண்ணூத்தியாறு மார்க் வந்திருக்கு."

பிரிஸில்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். சங்கரேஸ்வரியின் நெற்றிக்கு மேலே, மல்லிகைச் சரத்துக்கு அடியில், பட்டையின் கறுப்பு விளிம்பு தெரிந்தது.

"அடிக்கடி அடிப்பாரா?"

"ஏழு வருஷமா இருக்கு மேடம். இப்பதான் கொஞ்சம் கூட."

"ஏம்மா அங்கேயே இருக்கீங்க?"

அவள் நிதானமாக யோசித்தாள். தேர்வில் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத் தேடுகிற மாதிரி. "போயிரணும்னு தெரியுது மேடம். இங்க இருந்தா ஒரு நாள் செத்துருவேன்னும் தெரியுது. ஆனா எந்திரிச்சுப் போகத் தோண மாட்டேங்கு."

அழைப்பு முடிந்தபின் பிரிஸில்லா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு என்றால் இந்நேரம் குழாயைத் திறந்திருப்பாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வெறும் தகவலாக வந்தது, போனது. நெஞ்சில் எதுவும் அசையவில்லை. இருந்தாலும் எழுந்து மூன்றாம் மாடிக்குப் போனாள்.

மூன்றாம் மாடியில் இளமாறன் இருந்தார். பட்டையைச் செய்த குழுவில் ஒருவர். நரம்பியல் படித்தவர். பெரிய ஆள் என்ற பந்தா கிடையாது. மேசை இழுப்பறையில் எப்போதும் வறுத்த கடலை வைத்திருப்பார். பிரிஸில்லா சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது படிப்பை விடாம இருக்கத்தானே சார்? வீட்டை விடாம இருக்கவுமா?"

இளமாறன் கையிலிருந்த கடலையைத் திரும்ப டப்பாவில் போட்டார். "மூளைக்குள்ள 'போதும்'னு சொல்ற இடம் ஒண்ணு இருக்கும்மா. குழாய் மாதிரின்னு வச்சுக்கோங்க. அதுல படிப்புக்குத் தனித் தண்ணி, புருஷனுக்குத் தனித் தண்ணின்னு வராது. குழாய் ஒண்ணுதான். நாம அதை மூடுறோம்."

"இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும். ஒப்புதல் படிவத்துல பதினோராவது பக்கத்துல இருக்கு."

"யாரும் படிச்சிருக்க மாட்டாங்க."

"ஆமா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. பட்டை வர்றதுக்கு முன்னாடி நீங்க ஆறு வருஷம் பேசியிருக்கீங்க. அடிவாங்குற பொண்ணுங்க எத்தனையோ பேர்கிட்ட பேசியிருப்பீங்க. அவங்கல்லாம் எதை விட்டாங்க? புருஷனையா?"

பிரிஸில்லா கடலை டப்பாவின் மூடியை எடுத்து மூடினாள்.

"படிப்பைத்தான் விட்டாங்க. எதை விட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்களோ, அதைத்தாம்மா இந்த ஊர்ல பொண்ணுங்க விடுவாங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நூத்துல தொண்ணூறு பேரு அப்படித்தான். இப்ப அந்தத் தொண்ணூறு பேர் கையிலயும் டிகிரி இருக்கு. டிகிரியோட பட்டையைக் கழட்டினா அப்புறம் எங்க வேணாலும் போகலாம். அஞ்சு மாசம் பொறுக்கச் சொல்லுங்க."

"அஞ்சு மாசம் உயிரோட இருந்தா."

"இருந்தா" என்று அவரும் சொன்னார். மறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் பிரிஸில்லாவுக்குச் சிக்கலாக இருந்தது. அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

அவள் எழுந்தபோது அவர் கேட்டார்: "உங்களுக்கு என் மேல கோவம் வரணுமே. வரலைல?"

"வரல சார்."

"விட்டுட்டுப் போக முடியாதவங்களுக்குக் கோவத்தால பிரயோசனம் இல்ல. மூளை சிக்கனமானது. உபயோகப்படாததை மெள்ள நிறுத்திரும். அதை நாங்க எதிர்பார்க்கல." டப்பாவை இழுப்பறையில் வைத்துவிட்டு, "நானும் போட்டிருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் பிரிஸில்லா வண்ணார்பேட்டையில் மதுரை பஸ் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று தீர்மானமாக ஒன்றும் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு மாணவரையும் நேரில் பார்த்ததில்லை, பார்த்தால் என்ன என்று தோன்றியது. சாத்தூரில் இறங்கி, வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகளைத் தாண்டி, கேட்டுக் கேட்டு அந்த இ-சேவை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சங்கரேஸ்வரி இடது கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு பெரியவர் முதியோர் பென்ஷன் மனுவோடு நின்றார். அவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தவள், "மேடம்!" என்றாள். வியப்பு உதட்டில் மட்டும் வந்தது.

பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொல்லி, மையத்துக்குப் பின்னால் பழைய ஜெராக்ஸ் மெஷின்கள் கிடந்த அறையில் உட்கார்ந்தார்கள். பிரிஸில்லா, இளமாறன் சொன்னதை எதையும் குறைக்காமல் சொன்னாள். குழாயைச் சொன்னாள். பதினோராவது பக்கத்தைச் சொன்னாள். நூற்றுக்குத் தொண்ணூறு என்பதையும் சொன்னாள்.

சங்கரேஸ்வரி புள்ளியியல் படிக்கிறவள். "அந்தத் தொண்ணூறு எப்படி எடுத்தாங்க மேடம்?" என்று கேட்டாள்.

"எப்படின்னா?"

"படிப்பை விட்டவங்கதான் உங்க கணக்குல வருவாங்க. புருஷனை விட்டவங்களை யாரு எழுதினா?" டீயை ஊதினாள். "நான் அதுல எந்தப் பக்கம் வருவேன்னு தெரியல. நான் ரெண்டையும்தான் விட்டேன்."

"எப்போ?"

"அதான் மேடம், நீங்க மொத மொதல்ல போன் பண்ணீங்கள்ல. அன்னைக்குத்தான். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தேன். கையில பேக்கு. ஈரோட்டுல கூடப் படிச்சவ ஒருத்தி இருக்கா, ஷர்மிளா பானுன்னு. அவகிட்டச் சொல்லிட்டேன், வாரேன்னு. மதுரை வண்டி வந்து நின்னுட்டு. ஒரு காலைப் படியில வச்சிட்டேன். அப்பப் பாத்து உங்க போன்." அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். "வீட்டுக்குப் போங்கன்னீங்க. அன்பாச் சொன்னீங்களா, யாரும் அப்படிச் சொன்னதில்லையா, சரின்னு போயிட்டேன். அப்புறம் பட்டை வந்துட்டு."

ஹாரன் சத்தம். நாலு நிமிட அழைப்பின் பின்னால் கேட்கும் அந்த ஹாரன் சத்தம். முப்பது நாற்பது தடவையாவது பிரிஸில்லா அதைக் கேட்டிருக்கிறாள். நடத்துநர் "மதுரை, மதுரை" என்று கத்துவதுகூட அதில் லேசாகக் கேட்கும். ஒரு தடவையும் அது என்ன இடம் என்று யோசித்ததில்லை.

தன் மேல் ஏதாவது வந்து விழும் என்று காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எதுவும் தோன்றாவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்று மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. சங்கரேஸ்வரி இடது கையால் அசைன்மென்ட் அடித்தது அப்படித்தானே.

"அதைக் கழட்டு, சங்கரி" என்றாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கழட்டணும்னு தோணல மேடம்."

"எனக்கும் தோணல. நான் கழட்டிவிடுதேன்."

எழுந்து அவள் பின்னால் போய் நின்றாள். பூச்சரத்தை ஒதுக்கி, கொண்டை ஊசிகளை எடுத்து, பட்டையை மெதுவாக உருவினாள். பொத்தான்கள் இருந்த இடத்தில் தோல் வெளிறி, இரண்டு சிறு பள்ளங்கள் விழுந்திருந்தன. சங்கரேஸ்வரி தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு, பேன் பார்க்க உட்கார்ந்த பிள்ளை மாதிரி இருந்தாள்.

"இதோட வேலை அடங்க இருபது நாளாகும்" என்றாள் பிரிஸில்லா. "அதுக்கப்புறம் என்ன தோணுதோ அதைச் செய்யி. படிப்பை விடத் தோணுனாலும் விடு. நான் போன் பண்ண மாட்டேன்."

பட்டை போடவில்லையென்றால் சிஸ்டம் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடும். திங்கட்கிழமை பிரிஸில்லா அவள் பதிவில் 'கை முறிவு, மருத்துவ விலக்கு, முப்பது நாள்' என்று ஏற்றினாள். அன்று காலையும் வழக்கம்போலத் தன் பட்டையை எடுத்துத் தலையில் மாட்டியிருந்தாள். கழற்ற வேண்டும் என்று தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று தெரிந்துகொண்டாள். மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. சங்கரேஸ்வரி தினமும் வகுப்புக்குள் வந்தாள், பாடம் கேட்டாள், போனாள். இருபத்திரண்டாம் நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிரிஸில்லாவின் திரையில் அவள் பெயருக்கு நேரே மஞ்சள் விளக்கு எரிந்தது. இளமாறன் சொன்ன தொண்ணூறு நினைவுக்கு வந்தது.

இருபத்தைந்தாம் நாள் மதியம் மஞ்சள் பச்சையானது. ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் படித்திருந்தாள். இடம் என்ற கட்டத்தில் ஈரோடு என்று இருந்தது.

அடுத்த நாள் வியாழக்கிழமை. பிரிஸில்லாவின் ஹெட்போனில் ஓர் ஆண் குரல் வந்தது. தணிந்த குரல். மரியாதையான பேச்சு.

"வணக்கம் மேடம். நான் வெயிலுமுத்து, சாத்தூர்ல அச்சகத்துல வேலை பாக்கேன். சங்கரேஸ்வரி வீட்டுக்காரர். அவ கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிட்டா. நாலு நாளா வீட்டுல சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல. அதுகூடப் பரவால்ல மேடம், படிப்பு கெட்டுறக்கூடாதுல்ல. கடைசிப் பருவம். அவ எங்க இருந்து படிக்கான்னு மட்டும் சொன்னீங்கன்னா நான் போயிக் கூட்டிட்டு வந்துருவேன். பாதுகாவலர் கட்டத்துல என் பேருதான் இருக்கு. பாருங்க."

இருந்தது. பாதுகாவலர்: கணவர். மாணவர் விலகாமல் இருக்கக் குடும்பத்தின் ஒத்துழைப்பைப் பெறுக என்பது பிரிவின் மூன்றாவது விதி. திரையில் அவர் பெயருக்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தானும் வந்துவிட்டது: கடைசியாக நுழைந்த இடத்தைப் பகிர்க.

"சிஸ்டம் வேலை செய்யல சார்" என்றாள் பிரிஸில்லா.

"அப்படியா? சரி மேடம், பரவால்ல. சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு வாராந்தர அறிக்கை வரும்ல. அதுல இடம் போட்டிருக்கும். நான் பாத்துக்கிடுதேன்." நன்றி சொல்லி வைத்தார்.

பாதுகாவலரை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. இப்போதைய பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அறிக்கையை நிறுத்த வழி இருக்கிறதா என்று பார்த்தாள். சேர்க்கையை ரத்து செய்தால் மொத்தப் பதிவும் மூடிக்கொள்ளும், அறிக்கை போகாது. வேறு வழி இல்லை.

மாடிப்படிக்கு வந்து தன் சொந்தப் போனிலிருந்து சங்கரேஸ்வரியை அழைத்தாள். எடுத்தவளின் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. வேகமாக, மூச்சு வாங்கப் பேசினாள்.

"மேடம், வந்துட்டேன் மேடம்! ஷர்மிளா வீட்டுலதான் இருக்கேன். வெள்ளிக்கிழமையே அழுகையா வந்துட்டு மேடம், ஏழு வருஷத்துக்கும் சேர்த்து. அப்புறம் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கும்போதே திடுக்குன்னு தோணிட்டு. ஞாயித்துக்கிழமை அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்பிட்டேன். படிப்பையும் விட்டுருவோம்னுதான் மேடம் நெனச்சேன். ரெண்டு நாள் தொறக்கவே இல்ல. நேத்துச் சும்மா தொறந்தேன். மாதிரியெடுத்தல் பாடம். மேடம், அது நல்லாருக்கு மேடம்! இத்தனை வருஷம் படிச்சும் நல்லாருக்குன்னு எனக்குத் தெரியாமலே படிச்சிருக்கேன்."

பிரிஸில்லா படிக்கட்டில் உட்கார்ந்தாள். இந்த இடத்தில் அழுகை வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சங்கரி, நான் சொல்லுததைக் கேளு. இனிமே உள்ள நுழையாதே."

வெயிலுமுத்து பேசியதைச் சொன்னாள். சனிக்கிழமை அறிக்கையைச் சொன்னாள். ரத்து என்ற சொல்லையும் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது.

"நாலு மாசம்தான மேடம் இருக்கு."

"ஆமா."

"அஞ்சு பருவம் முடிச்சிருக்கேன்ல. அந்த மார்க்கெல்லாம்?"

"ரத்து பண்ணினா எதுவும் நிக்காது. வேற எங்கயும் காட்ட முடியாது."

சங்கரேஸ்வரி அழுதாள். அடக்கிக்கொள்ளாமல், வாய்விட்டு அழுதாள். பிரிஸில்லா போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ மாடியேறி வந்தார்கள். இவளைத் தாண்டிப் போனார்கள்.

"பண்ணிருங்க" என்றாள் சங்கரேஸ்வரி கடைசியில். "உயிர் இருந்தா படிச்சுக்கிடலாம்."

பிரிஸில்லா இருக்கைக்குத் திரும்பினாள். ரத்துப் படிவத்தில் விலகல் காரணம் கட்டாயம். ஆறு காரணங்கள் இருந்தன. உடல்நலம் என்று போட்டால் பதினைந்து நாளில் திரும்ப அழைப்பார்கள். குடும்பச் சூழல் என்று போட்டால் பாதுகாவலருக்குக் கடிதம் போகும். வேலை, இடமாற்றம், தொழில்நுட்பக் கோளாறு, எதைப் போட்டாலும் யாராவது தேடிக்கொண்டு போவார்கள். ஆறாவதாக இருந்த 'ஆர்வமின்மை' ஒன்றுக்குத்தான் யாரும் பின்தொடர மாட்டார்கள். ஆர்வம் இல்லாதவர்களிடம் நேரம் செலவழிக்க வேண்டாம் என்று மேலிடமே முடிவு செய்திருந்தது.

ஆர்வமின்மை என்பதைத் தேர்ந்து, சரி என்று கொடுத்தாள். ஐந்து பருவங்களின் முதல் மதிப்பெண்கள் ஒரு நொடியில் திரையிலிருந்து போயின.

அந்த மாத அறிக்கையில் சங்கரேஸ்வரியின் பெயர் சிவப்பில் வந்தது. மூன்று வருடத்தில் பிரிஸில்லாவின் கணக்கில் ஒரு விலகல். பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, "உங்களுக்கா இப்படி?" என்றார். "ஆர்வமில்லாத பொண்ணு சார்" என்றாள். பட்டமளிப்பு விழாவுக்கு வேறு ஒரு மாணவரைப் பிடித்தார்கள். மாதிரி அழைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். ஏன் என்றார்கள். பின்னால் இரைச்சல் அதிகம் என்றாள். இரைச்சலை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி போட்டார்கள்.

வெயிலுமுத்து இரண்டு முறை அழைத்தார். மூன்றாவது முறை அந்த மரியாதைக் குரல் இல்லை. கெட்ட வார்த்தைகள் வந்தன. பிரிஸில்லா முழுவதும் கேட்டுவிட்டு, "வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

ஜூன் மாதம் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில் அவள் சொந்தப் போன் அடித்தது. ஈரோட்டு எண்.

"மேடம், வேற யூனிவர்சிட்டியில அப்ளிகேஷன் போடுதேன். புள்ளியியல்தான். முதல் வருஷத்துல இருந்து."

"முதல்ல இருந்தா?"

"ஆமா. தெரிஞ்ச பாடம்தான, சுளுவா இருக்கும். இங்கயும் ஜெராக்ஸ் கடையில வேலை கிடைச்சிட்டு." குரலில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. "இங்க பட்டை கேக்கல மேடம். பாதியில விட்டாலும் விட்டுருவேன், சொல்ல முடியாது."

"விட்டா விடு."

"நீங்க கழட்டிட்டீங்களா?"

பிரிஸில்லா டிபன்பாக்ஸை மூடினாள். பொய் சொல்லலாம் என்று பார்த்தாள். "இல்ல" என்றாள். "டெய்லி காலையில நெனைப்பேன்."

"பரவால்ல மேடம். நான் கை சரியானதும் ஒரு நாள் பாளையங்கோட்டை வாரேன். உக்காருங்க, உருவி எடுத்துருதேன்." இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உடனே வேறு விஷயத்துக்குப் போனாள். "இப்ப ஒரு சிக்கல். இவங்களும் பாதுகாவலர் பேரு கேக்காங்க மேடம். கட்டாயமாம். அதை விட்டுட்டு அடுத்த பக்கம் போக மாட்டேங்கு. ஊருக்கெல்லாம் ஃபார்ம் நிரப்பினவ நான், எனக்கு யாரு பேரு போடன்னு தெரியல. என் பேரையே போட்டுப் பாத்தேன், எடுக்கல."

"உங்க அப்பா?"

"அவரு உடனே எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிருவாரு."

பிரிஸில்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, தெரு முழுக்கப் பிள்ளைகள்.

"என் பேரைப் போடு."

"உங்க பேரா?"

"பிரிஸில்லா ஞானதீபம். 'ஸி'க்கு 'சி' போட்டுராத. ஆதார்ல இருக்க மாதிரி வேணும்."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் அடிக்கிறாள். வலது கை கொஞ்சம் பின்தங்கி வந்தது.

"போன் நம்பர் போட்டுட்டேன். உறவுமுறை கேக்கு மேடம். அப்பா, அம்மா, கணவர், அண்ணன், அக்கா, மற்றவைன்னு இருக்கு. மற்றவை போடவா?"

"மற்றவைன்னு போட்டா விளக்கம் கேப்பாங்க" என்றாள் பிரிஸில்லா. ஒன்பது வருட அனுபவம். "அக்கான்னு போடு."

ஒரு முறை தட்டுகிற சத்தம்.

"எடுத்துக்கிட்டு" என்றாள் சங்கரேஸ்வரி. "அடுத்த பக்கம் வந்துட்டு, அக்கா."